கோத்ரெஜ் என்றால் பீரோ இல்லை, ஒரு மனிதர்

முதலாம் ஆண்டு ஹாஸ்டலுக்கு வந்த அன்று எல்லாரும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். பக்கெட், மக், கொசுவத்தியோடு சேர்த்து ஒரு பூட்டும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்துத் தள்ளுவண்டிக் கடை, விலை 60 ரூபாய். பளபளவென்று தங்க நிறம், கூடவே மூன்று சாவி. அட்டையில் இருந்த வெளிநாட்டு எழுத்து ஒன்றும் புரியவில்லை. எந்த கம்பெனி, எந்த ஊர் என்று எங்கேயும் போடவில்லை.

மூன்றாவது வாரம் ரூம்மேட் காலை அவசரத்தில் அலமாரி மாறி, தன் சாவியை என் பூட்டில் போட்டுத் திருப்பினான். பூட்டு திறந்துகொண்டது. அவனும் அதே வண்டியில்தான் வாங்கியிருந்தான். அந்த வரிசையில் இருந்த எல்லா அலமாரிகளிலும் அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தோம். இன்னும் இரண்டு திறந்தது! அன்றைக்குச் சிரித்துவிட்டோம். ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக என் சான்றிதழ்களும் ஊரிலிருந்து கொண்டுவந்த பணமும் சும்மா திறந்தே கிடந்திருக்கின்றன. யாரிடம் போய்க் கேட்பது? வண்டிக்காரர் அடுத்த வாரம் வேறு இடத்தில் நிற்பார். பூட்டில் பெயர் இல்லை.

அந்தக் கடுப்பில் பூட்டுகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது எதிரே வந்து நின்றவர்தான் அர்தேஷிர் கோத்ரெஜ். நம்ம வீடுகளில் கோத்ரெஜ் என்றால் இரும்பு பீரோ. வேறு கம்பெனி பீரோவாக இருந்தாலும் கோத்ரெஜ் பீரோ என்றுதான் பாட்டி சொல்வார். அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார் என்பதும், அவர் முதலில் செய்து விற்றது பீரோ அல்ல, பூட்டு என்பதும் எனக்கு அதுவரை தெரியாது.

அர்தேஷிர் 1868ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா பெயர் புர்ஜோர்ஜி. வசதிக்குக் குறைவில்லாத வீடு. சட்டம் படித்தார். ஆனால் வாழ்க்கை சீக்கிரமே அவரை அடித்துப் போட்டது. 1891ல், அவருக்கு 23 வயதாக இருந்தபோது, பம்பாய் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ராஜாபாய் கோபுரத்திலிருந்து இரண்டு இளம்பெண்கள் விழுந்து இறந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய மனைவி பச்சுபாய். நகரத்தையே உலுக்கிய வழக்கு அது. அர்தேஷிர் அதன்பிறகு மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

வக்கீல் தொழிலும் நிலைக்கவில்லை. 1894ல் ஒரு வழக்குக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்குப் போனார். அங்கே கட்சிக்காரர் தரப்பில் சொல்ல வேண்டியிருந்த ஒரு விஷயம் உண்மைதானா என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததைச் சத்தியம் போலச் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார். அந்தப் பிடிவாதம் வக்கீலுக்கு உதவாது, இல்லையா? தொழிலை விட்டுவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார். இந்த ஒரு குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அவர் கூடவே வரப்போவது இதுதான்.

ஊருக்கு வந்தவர் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்ய இறங்கினார். கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி மாதிரியானவை. அப்பாவின் நண்பர் மெர்வான்ஜி காமா 3,000 ரூபாய் கடன் கொடுத்தார். வாங்க வேண்டியது ஒரு பிரிட்டிஷ் மருந்து நிறுவனம். கருவிகளின் தரத்தில் அவர்களுக்குக் குறை இல்லை. சிக்கல் வந்தது முத்திரையில். இந்தியாவில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்றார் அர்தேஷிர். அப்படிப் பொறித்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றது நிறுவனம். பெயர் போடாமல் கொடுத்திருந்தால் வியாபாரம் ஓடியிருக்கும், கடனும் அடைந்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. தொழில் முடிந்தது, கடன் மிஞ்சியது.

இப்படி இரண்டு தொழில் கைவிட்டுப் போன நேரத்தில், பம்பாயில் திருட்டு பெருகிவருவதைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்று அவர் கண்ணில் பட்டது. வீடுகளுக்குப் பாதுகாப்பு போதவில்லை என்பதுதான் விஷயம். அவர் பூட்டுகளை ஆராய ஆரம்பித்தார்.

அன்றைய சந்தை எப்படி இருந்தது? நல்ல பூட்டு வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். சப், பிராமா போன்ற பெரிய பெயர்கள். விலை சாதாரண ஆளுக்கு எட்டாது. உள்ளூரில் கையால் அராவிச் செய்த பூட்டுகள் கிடைத்தன. விலை குறைவு, ஆனால் ஒன்று போல ஒன்று இருக்காது. கைதேர்ந்தவர் செய்தது நன்றாக இருக்கும், மற்றது அதிர்ஷ்டம். இன்றைக்கு நாம் மலிவு இறக்குமதியா, பெயர் பெற்ற உள்ளூர் கம்பெனியா என்று யோசிக்கிறோம். அன்றைக்கு இது அப்படியே தலைகீழ். பெயரும் நம்பிக்கையும் இறக்குமதிப் பக்கம், மலிவும் சந்தேகமும் உள்ளூர்ப் பக்கம்.

இந்த இடத்தில் பூட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். மெக்கானிக்கல்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து நல்ல பூட்டு என்றால் அது லீவர் பூட்டு. உள்ளே தட்டையான உலோகத் தகடுகள் அடுக்காக இருக்கும். அவைதான் லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய வெட்டு உண்டு. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்தால் மட்டுமே தாழ்ப்பாள் நகரும். ஒரு லீவர் குறைவாகத் தூக்கப்பட்டாலும் நகராது, அதிகமாகத் தூக்கப்பட்டாலும் நகராது.

இப்போது கணக்குப் போடுங்கள். 4 லீவர், ஒவ்வொன்றுக்கும் 5 உயரங்கள் என்றால் 5 x 5 x 5 x 5, அதாவது 625 விதமான சாவிகள். 6 லீவர் என்றால் 15,625. ஆனால் இது காகிதத்துக் கணக்கு. வெட்டு தேவைக்கு மேல் அகலமாக இருந்தால், லீவர் தண்டில் தளர்வாக ஆடினால், பக்கத்து உயரத்துச் சாவியும் உள்ளே புகுந்துவிடும். 5 உயரம் என்று செய்தது வேலையில் 3 உயரம் போல ஆகிவிடும். 625 என்பது 81 ஆகச் சுருங்கும். மேலே பார்த்தால் அதே பூட்டு, அதே 4 லீவர். பாதுகாப்பு மட்டும் எட்டில் ஒரு பங்கு. நாம் வொர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற அந்தச் சமாச்சாரம்தான் பூட்டின் உயிர். என் 60 ரூபாய் பூட்டில் இருந்தது லீவர் இல்லை, பின். ஆனால் கதை இதேதான்.

அர்தேஷிருக்கு இது புரிந்தது. மெர்வான்ஜி காமாவிடம் மறுபடியும் போனார். முதல் கடனே நிற்கும்போது இரண்டாவது கடன் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்! காமா கொடுத்தார். 1897ல், 29வது வயதில், பம்பாய் லால்பாக்கில் எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கொட்டகையில் வேலை தொடங்கியது. 215 சதுர அடி. நம்ம ஹாஸ்டல் ரூம் இரண்டைச் சேர்த்தால் வருகிற அளவு.

ஆங்கர் என்ற பெயரில் முதல் பூட்டுகள் வெளிவந்தன. கூடவே ஒரு உத்தரவாதமும் வந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி, ஒன்றின் சாவி மற்றதைத் திறக்காது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உத்தரவாதம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு பூட்டையும் அந்தத் துல்லியத்தில் செய்தே ஆக வேண்டும். பத்தில் ஒன்று தவறினாலும் வாங்கியவர் நேராக லால்பாக்குக்கு வந்து நிற்பார். முகவரி கொடுத்த பிறகு ஒளிய முடியாது. அன்று முத்திரைக்காக ஒரு வியாபாரத்தையே இழந்தவர், இப்போது அந்த முத்திரைக்கான விலையைத் துல்லியத்தில் கொடுக்க ஆரம்பித்தார்.

அடுத்தடுத்து புதிய வடிவங்கள் வந்தன. கார்டியன் என்ற பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டாவது சாவியால் பூட்டைத் திறக்கவும் முடியும், உள்ளமைப்பை மாற்றி முதல் சாவியைச் செல்லாததாக்கவும் முடியும். முதல் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்திருக்கும் ஒரு கடை முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலோ, சாவி தொலைந்தாலோ பூட்டை மாற்ற வேண்டியதில்லை. இன்று பாஸ்வேர்டு மாற்றுகிறோமே, அதே யோசனை, இரும்பில்.

இன்னொன்று டிடெக்டர் பூட்டு. யாராவது தவறான சாவியையோ கம்பியையோ விட்டு நோண்டினால், உள்ளே ஒரு பகுதி சிக்கிக்கொள்ளும். உரியவர் வந்து சரியான சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த யோசனை இங்கிலாந்தில் சப் நிறுவனம் 1818லேயே கொண்டுவந்தது. அதை இந்தியச் சந்தைக்கு இங்கேயே செய்து காட்டினார் அர்தேஷிர். எங்கிருந்து கற்றுக்கொண்டாலும் பரவாயில்லை, செய்வது அதே தரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

அப்புறம் ஸ்பிரிங் இல்லாத பூட்டு. வழக்கமான லீவர் பூட்டில் ஒவ்வொரு லீவரையும் கீழே அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். அது துருப்பிடித்தோ களைத்துப்போயோ ஒடிந்தால், சரியான சாவி கையில் இருந்தும் கதவு திறக்காது. பம்பாய் மாதிரி உப்புக்காற்று ஊரில் கேட்கவே வேண்டாம். ஸ்பிரிங்கே தேவைப்படாதபடி வடிவமைத்து அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பழுதாகக்கூடிய பாகத்தை இன்னும் வலுவாகச் செய்வது ஒரு வழி. அந்தப் பாகமே இல்லாமல் செய்துவிடுவது இன்னொரு வழி. டிசைன் புராஜெக்ட் செய்கிறவர்கள் இந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெயர் பெற்ற பூட்டு என்றால் அசைக்கவே முடியாது என்று அவர் நம்பிவிடவும் இல்லை. நம்ப முடியாத அளவுக்கு வரலாறு முன்னால் இருந்தது. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பல பத்தாண்டுகளாகத் திறக்கப்படாமல் சவாலாக இருந்த பிராமா பூட்டையும் பல நாள் உழைத்துத் திறந்துவிட்டார். இங்கிலாந்தின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே கோடையில் தலைகுனிந்தன. அந்த நிறுவனங்கள் மூடிவிட்டு ஓடவில்லை, பூட்டுகளைத் திருத்திக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தன. பெயர் இருந்ததால்தான் திருத்த வேண்டிய கட்டாயமும் வந்தது.

பூட்டுக்குப் பிறகு இரும்புப் பெட்டி. 1902 வாக்கில் கோத்ரெஜ் பெட்டகங்கள் விற்பனைக்கு வந்தன. தகடுகளை இணைக்கும் மூட்டுகள்தான் பெட்டகத்தின் பலவீனம் என்று பார்த்து, மூட்டுகளைக் குறைத்து, தகட்டை மடித்துச் செய்யும் முறைக்குப் போனார். திருடனை மட்டுமில்லாமல் தீயையும் தாங்க வேண்டும் என்பது குறிக்கோள். தம்பி பீரோஜ்ஷா 1906ல் வந்து சேர்ந்தார். கம்பெனி பெயரில் இருக்கும் பாய்ஸ் என்பவர் ஆங்கிலேயர் இல்லை, கடன் கொடுத்த காமாவின் உறவினர். கொஞ்ச நாளிலேயே அவர் விலகிவிட்டார். ஆனாலும் அவர் பெயரை எடுக்கவில்லை. கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் என்று இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் நாட்டில் சுதேசி இயக்கம் சூடுபிடித்தது. அந்நியப் பொருளை ஒதுக்குவோம், நம் பொருளை வாங்குவோம் என்று தெருத்தெருவாக முழக்கம். இந்தியாவில் பூட்டு செய்பவருக்கு இதைவிட நல்ல காலம் வருமா? சும்மா உட்கார்ந்தாலே விற்பனை ஏறும். அர்தேஷிர் இயக்கத்துக்கு வெளியே நின்றவர் இல்லை. 1921ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து 3 லட்சம்! ஆனால் இயக்கத்தின் ஒரு கருத்தை மட்டும் அவர் ஏற்கவே இல்லை. நம் நாட்டுப் பொருள் தரம் குறைவாக இருந்தாலும் தேசத்துக்காகப் பொறுத்துக்கொண்டு வாங்க வேண்டும் என்ற கருத்து அது.

வாங்குபவரின் தேசபக்தியைச் செய்பவரின் சோம்பலுக்குப் போர்வையாக்கக் கூடாது என்பது அவர் நிலை. துணி கொஞ்சம் முரடாக இருந்தால் உடம்பு உறுத்தும், பழகிக்கொள்ளலாம். பூட்டு கொஞ்சம் சுமாராக இருந்தால் வீடு போய்விடும். திருடன் சுதேசிப் பூட்டு என்று பார்த்து விட்டுவிடப் போவதில்லை. இந்தியாவில் செய்தது என்ற முத்திரையை எடுக்க மாட்டேன் என்று ஒருமுறை தொழிலையே இழந்தவர் அவர். அதே முத்திரையைக் காட்டிச் சுமாரான பொருளை விற்கவும் மாட்டேன் என்று நின்றவரும் அவர்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர் மாதிரி இருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. செய்ததை ஒத்துக்கொள்கிற தைரியமும், ஒத்துக்கொள்ளும்படி செய்கிற பொறுப்பும் சேர்ந்தால்தான் அது பெயர்.

முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் அவர் கவனம் சோப்பின் பக்கம் போனது. அப்போதைய சோப்பு பெரும்பாலும் விலங்குக் கொழுப்பில் செய்தது. தாவர எண்ணெயில் செய்து காட்டினார். முதல் சோப்புக்கு வைத்த பெயர் சாவி. அதே ஹிந்தி, குஜராத்தி சாவிதான். பூட்டுக்காரர் புத்தி எங்கே போகும்? கடைசிக் காலத்தில் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாசிக் பக்கம் போய் விவசாயத்தில் இறங்கினார். 1936ல் காலமானார்.

அவர் போன பிறகும் அவர் விதித்த அளவுகோல் நின்றது. 1944ல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் வெடித்து, சுற்றுவட்டாரமே தீயில் எரிந்தது. அந்தத் தீயில் கிடந்த கோத்ரெஜ் பெட்டகங்களில் உள்ளே வைத்தவை பத்திரமாக இருந்ததைப் பலர் பார்த்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, விக்ரோலியில் இருந்த அவர்கள் ஆலை 12 லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாக்குப்பெட்டிகளைச் செய்து கொடுத்தது. தனியாக வெளிப்பூட்டு போட்டால் செலவு எகிறும் என்பதால், பெட்டியோடு சேர்ந்த உள்பூட்டையே வடிவமைத்தார்கள். நாட்டின் முதல் ஓட்டுகளைக் காத்தது அந்தச் சின்னப் பூட்டுதான்.

சரி, இனி நம் தள்ளுவண்டிக்குத் திரும்புவோம்.

என் பூட்டை ஒரு பூட்டு ரிப்பேர்க் கடையில் காட்டினேன். கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் கற்றுக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத மலிவு இறக்குமதியில் ஒரு பாகம் போனால் மாற்றுப் பாகம் கிடைக்காது. சாவி உள்ளே ஒடிந்தால் அதே வடிவ வெற்றுச் சாவி தேடி அலைய வேண்டும். பெயர் உள்ள கம்பெனி பூட்டில் பாகமும் கிடைக்கும், சாவியும் கிடைக்கும், அதே அளவில் அடுத்த பூட்டும் கிடைக்கும். கதவில் மறுபடி துளை போட வேண்டியதில்லை. ரிப்பேர்க்காரருக்கு விலை வித்தியாசத்தைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் கதவு திறக்காவிட்டால் வீட்டுக்காரர் திட்டுவது அவரைத்தான்.

வாங்கும்போது நாமே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஒரே மாதிரி நான்கைந்து பூட்டுகளை எடுத்து சாவிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாவியை உள்ளே விட்டு மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ரொம்ப ஆடினால் வைத்துவிடுங்கள். பித்தளை என்று சொல்லும் உடலில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று உறுதியில்லை, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. வளையத்தில் கடினப்படுத்திய எஃகு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண இரும்பு என்றால் அரம் சுலபமாகப் பதியும்.

விலை அதிகமென்றால் நல்லது, இறக்குமதி என்றால் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கம்பெனிகளும் விலை குறைந்த ரகம் போடுகின்றன. பெரிய பெயரில் போலியும் வருகிறது. சின்ன ஊரிலும் அருமையான பூட்டு வரும். நம்ம திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று கையாலேயே செய்த பேர்போன வேலை. 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அந்தப் பட்டறைகளை நசுக்குவது எந்திரத்தில் குவியும் மலிவுப் பூட்டுகள். அங்கே ஊர்ப் பெயரே உத்தரவாதம். இவற்றில் ஒன்றும் இல்லாத பூட்டுதான் என் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாளைக்கு நாமும் ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறோம். பாலமோ, புரோகிராமோ, பம்போ. அதில் நம் பெயரைப் பொறிக்கச் சொன்னால் கை நடுங்காமல் பொறிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டால் போதும். அர்தேஷிர் 215 சதுர அடியில் நின்று தன்னைக் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்.

பழைய பூட்டு இப்போது என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்கக் கனமாக உதவுகிறது. அந்த வேலையை மட்டும் நன்றாகவே செய்கிறது.